பிள்ளை வருமுன் கஞ்சி காய்ச்சப் பழகுகிற வீடு



கலியாணமாகிப் பல வருஷங்கள் சென்றும் தொட்டில் கட்டாத வீடுகள் எந்தப் பங்கிலும் சில உண்டு. வைத்தியம் பார்த்தார்கள், நேர்ச்சை நேர்ந்தார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போனார்கள். கடைசியில், பெற்றோரில்லாத ஒரு பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்து, சட்டப்படி பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் போகிறது, இரண்டு போகிறது, மூன்றும் போகிறது. கடிதம் வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலே ஒரு பெண்பிள்ளை கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, திரித்து, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற பக்குவத்தைப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "பிள்ளையே வரக்காணோம், கஞ்சிக்கு என்ன அவசரம்?" என்று மாமியார் கேட்கிறாள். "பாவம், ஏக்கத்திலே புத்தி பேதலித்துவிட்டது" என்று அடுத்த வீட்டுக்காரி சொல்லுகிறாள்.

அவள் செய்வது பைத்தியமா, விசுவாசமா? இந்த வாரம் நாம் தியானிக்க வேண்டிய கேள்வி இதுவே. இதை மூன்று பாகமாகச் சிந்திப்போம். முதலாவது, வேதாகமம் இதைப்பற்றி என்ன படிப்பிக்கிறது? இரண்டாவது, அந்த அடுப்படி வேலையை எப்படிச் செய்யவேண்டும்? மூன்றாவது, வரப்போகிற பிள்ளைக்காக நமது இருதயத்தையும் நமது பங்கையும் எப்படி ஆயத்தம் செய்யவேண்டும்?

முதலாவது

யாத்திராகமத்தைத் திறந்து பாருங்கள். எஜிப்து தேசத்து அரசன் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி கட்டளையிட்டிருந்த காலம். ஒரு தாய் தன் குழந்தையை நாணற்பெட்டியில் வைத்து நதியோரத்தில் விடுகிறாள். பரவோனுடைய குமாரத்தி குளிக்க வந்தவள் அதைக் கண்டு திறந்து பார்க்கிறாள், குழந்தை அழுகிறது, அவள் மனம் இளகுகிறது. உடனே அங்கே என்ன பேச்சு நடக்கிறது என்று கவனித்தீர்களா? குழந்தையின் பெயரைப்பற்றிய பேச்சில்லை, உடுப்பைப்பற்றிய பேச்சில்லை, அரண்மனையில் எந்த அறையைக் கொடுப்பது என்ற பேச்சுமில்லை. பாலூட்ட ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று குழந்தையின் அக்காள் கேட்கிறாள். அழைத்து வா என்று அரசகுமாரி சொல்லுகிறாள். அப்படி வந்தவள் பெற்ற தாயே. கூலி பேசி, பால்குடி மறக்கும்வரையில் அவளிடத்திலேயே பிள்ளையை விட்டு வைக்கிறாள் அரசகுமாரி. மோயீசன் என்ற பெயரெல்லாம் பிற்பாடு வந்தது. பிள்ளையின் பசியை ஆற்றுவது முதல் காரியமாயிற்று.

இதிலே இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. சுவீகாரத் தாயினுடைய முதல் கடமை பிள்ளையின் வயிற்றைக் குறித்தது என்பது ஒன்று. பெற்றவளை அவமதியாமல், அவள் கொடுத்த பாலுக்கு மதிப்புக் கொடுத்தாள் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது உண்மைக்குப் பிறகு திரும்பி வருவோம்.

இனி நசரேத்தூருக்கு வாருங்கள். சேசுநாதருடைய கைத்தாதையாகிய அர்ச். சூசையப்பர் இரத்தத்தினால் அவருக்குத் தந்தையல்ல. ஆனாலும் அர்ச். மத்தேயு எழுதின வம்ச வரிசையை வாசியுங்கள்: ஆபிரகாம் முதல் தாவீது வழியாக அது இறங்கி வந்து நிற்பது சூசையப்பரிடத்திலேயே. குழந்தைக்குச் சேசு என்று பெயரிடவேண்டிய பொறுப்பையும் சம்மனசானவர் அவரிடத்திலே ஒப்படைத்தார். தாவீதின் குமாரன் என்ற பட்டத்தை உலக இரட்சகர் தம்மைப் பெறாத ஒரு தந்தையின் வழியாகவே பெற்றுக்கொள்ளச் சித்தமானார் என்றால், "பெற்றால்தான் பிள்ளை" என்று சாதிக்கிறவர்கள் என்ன மறுமொழி சொல்லப்போகிறார்கள்?

அந்தத் தச்சர் வீட்டிலே சேசு பாலகனுக்கு அன்றாட உணவு எங்கிருந்து வந்தது? சூசையப்பருடைய உளியிலிருந்தும் வாள்பட்டையிலிருந்தும் வந்தது. உலகத்துக்கெல்லாம் ஜீவிய அப்பமானவருக்குத் தினமும் அப்பம் சம்பாதித்துக் கொடுத்தவர் ஒரு வளர்ப்புத் தகப்பன்! 9-ம் பத்திநாதர் பாப்பரசர் 1870-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி அவரை அகில திருச்சபைக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தியபோது, பழைய ஏற்பாட்டிலே பஞ்சம் வருமுன் ஏழு வருஷம் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பை அவருக்கு முன்னடையாளமாக எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பழைய யோசேப்பைப் பார்த்தும் எஜிப்தியர் சிரித்திருப்பார்கள்: வயலெல்லாம் விளைந்து கிடக்கும்போது இத்தனை களஞ்சியம் எதற்கு என்று. வாக்குத்தத்தத்தை நம்பினவன் முன்னதாகவே ஆயத்தம் செய்கிறான். ஆகையால் அந்தப் பெண்பிள்ளை கேழ்வரகு முளைகட்டுவது பைத்தியமல்ல. களஞ்சியம் கட்டுகிற விசுவாசம்.

நம்மை எடுத்துக்கொண்டாலோ, அர்ச். சின்னப்பர் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதின நிருபங்களில் படிப்பிக்கிறபடி, நாம் எல்லோருமே சர்வேசுரனுடைய சுவீகார புத்திரர். ஞானஸ்நானத் தொட்டியிலே நமக்குக் கிடைத்த உரிமை அதுவே. நம்மையும் வெறுங்கையோடு அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நாம் பிறக்குமுன்பே திவ்விய நற்கருணை என்ற போசனத்தை நமக்காக ஆயத்தம் செய்து வைத்தார். பந்தியை முந்தி விரித்துவிட்டுப் பிள்ளைகளை அழைக்கிறவர் அவர். அப்படியானால், பிள்ளை வருமுன் கஞ்சி காய்ச்சப் பழகுகிறவள் யாரைக் கண்டு பாவிக்கிறாள் என்பது விளங்குகிறதல்லவா?

இரண்டாவது

விசுவாசம் இருந்தால் போதாது, காரியமும் தெரியவேண்டும். சட்டத்தை முதலில் சொல்லுவோம்.

நம் தேசத்திலே நெடுங்காலமாகக் கிறிஸ்தவர்களுக்குச் சுவீகாரச் சட்டம் இருந்ததில்லை. 1956-ம் வருஷச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு உரியதல்ல. கிறிஸ்தவத் தம்பதிகள் 1890-ம் வருஷக் காப்பாளர் சட்டத்தின்படி பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கலாமே ஒழிய, தாய் தகப்பன் என்ற முழு உரிமை பெற வழியில்லாதிருந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2000-ம் வருஷம் வந்தது, 2006-ல் திருத்தப்பட்டது, மதபேதமின்றி எவரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொல்லிற்று. இப்போது நடைமுறையிலிருப்பது 2015-ம் வருஷச் சட்டமும் 2022-ம் வருஷ ஒழுங்குவிதிகளும். ‘காரா’ என்று சொல்லப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்திலே பெயரைப் பதிவு செய்யவேண்டும். சமூக சேவகர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். முறை வரும்போது ஒரு பிள்ளையின் விவரம் அனுப்பப்படும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவிக்கவேண்டும். கடைசி உத்தரவை மாவட்ட ஆட்சியர் தருகிறார். அதன்பின்னும் 2 வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம், பிள்ளை எப்படியிருக்கிறது என்று வந்து பார்ப்பார்கள்.

இவ்வளவு காலதாமதமா என்று முறுமுறுக்க வேண்டாம். தன் பிள்ளையை ஒப்படைக்கிற தாய் மனம் மாறித் திரும்பக் கேட்பதற்கு 60 நாள் தவணை சட்டத்திலே உண்டு. கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கு உற்றார் யாரேனும் இருக்கிறார்களா என்று தேடிப்பார்க்கவும் காலம் செல்லும். அந்தத் தவணை ஒரு ஏழைத் தாயின் கண்ணீருக்குக் கொடுக்கப்பட்ட மரியாதை. ஆஸ்பத்திரி ஆயாள் மூலமாகவும், தரகர் மூலமாகவும், "இன்றைக்கே கொடுத்துவிடுகிறோம்" என்று வருகிற பேச்சுக்கு ஒருபோதும் காது கொடாதீர்கள். பிள்ளையை விற்பதும் வாங்குவதும் 5 வருஷம் வரை கடுங்காவலுக்குரிய குற்றம். சர்வேசுரன் சந்நிதியில் அது மகா பாவமுமாம்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். இந்தச் சங்கதியைப் பிரசங்கத்திலே பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். ஆண்டவர் யாயீருடைய மகளை மரணத்திலிருந்து எழுப்பினவுடனே, அந்தச் சிறுமிக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி கற்பித்தாரே! அவர் நினைவுகூர்ந்ததை நாம் பேச வெட்கப்படுவானேன்?

பிள்ளை ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தையாக வந்தால், அதற்குப் பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். தாய்ப்பாலில்லாத வீட்டிலே வைத்தியர் சொல்லுகிற பால்மாவை, டப்பாவில் கண்ட அளவுப்படியே, கொதித்த தண்ணீரிலே கலக்கவேண்டும். மிச்சம் பிடிக்க எண்ணித் தண்ணீரை ஏற்றினால் பிள்ளை மெலியும். சத்து ஏறட்டுமென்று மாவை ஏற்றினால் வயிறு கெடும். புட்டியைவிடப் பாலாடையும் சிறு கரண்டியும் சுத்தம் செய்ய எளிது. பெரியவர்கள் ஆசையாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவிலே தொட்டு வைக்கிற ‘சேனை’ வழக்கத்தை விட்டுவிடவேண்டும். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது; அதிலே இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, கை கால் தளர்ந்து மூச்சு நிற்கும்படி செய்துவிடும்.

ஆறு மாதம் நிறைந்தபின் பால் மட்டும் போதாது. பிறக்கும்போது உடம்பில் சேமித்து வைத்திருந்த இரும்புச் சத்து அப்போது குறையத் தொடங்குகிறது. அப்போதுதான் நமது கேழ்வரகு கைகொடுக்கிறது. 100 கிராம் கேழ்வரகிலே 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு; அரிசியிலே அதற்கு அருகில் வரும் அளவு கிடையாது. கல் பொறுக்கி, நாலைந்து தரம் கழுவி, இராத்திரி முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியிலே ஒரு நாள் கட்டித் தொங்கவிட்டால் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். நிழலிலே உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து, திரித்து, மெல்லிய துணியிலே சலித்து வைக்கவேண்டும். முளைகட்டுவதற்குக் காரணமுண்டு. முளை விடும்போது தானியத்துக்குள் இருக்கிற மாவை உடைக்கிற ஒரு சக்தி பிறக்கிறது. அதனாலே கஞ்சி கோந்துபோல் இறுகாமல் இளகி நிற்கும். தண்ணீரை வாரி ஊற்றவேண்டியதில்லை. ஒரு சிறு வயிறு கொள்ளுகிற கஞ்சியிலேயே அதிக மாவு சேர்ந்து போகும். இரும்புச் சத்தை உடம்பிலே சேரவொட்டாமல் தடுக்கிற பொருளும் குறையும். மாவை முதலிலே பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு சிறு தீயிலே கிளறவேண்டும். கரண்டியைச் சாய்த்தால் உடனே வடிந்தோடாமல் நின்று விழுகிற பதமே நல்ல பதம்.

கஞ்சி ஒன்றையே கொடுத்துக்கொண்டிருக்கலாகாது. இரண்டு பங்கு அரிசியும் ஒரு பங்கு பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, ஒரு சொட்டு நெய்விட்டு மசித்த சோறு; ஆவியிலே வெந்த பரங்கிக்காய், உருளைக்கிழங்கு; கனிந்த வாழைப்பழம்; கன்னியாகுமரிச் சீமையிலே ஏத்தங்காயைச் சீவி உலர்த்திப் பொடித்துக் காய்ச்சுகிற கூழ்; நன்றாய் வெந்த முட்டை; முள்ளில்லாத மீன். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாள் அதையே கொடுத்துப் பார்த்து, தடிப்போ பேதியோ இல்லையென்று கண்டபின் அடுத்ததைத் தொடங்கலாம். முதலிலே இரண்டு மூன்று கரண்டி. எட்டு மாதத்துக்குள் அரைக் கோப்பை வரையில், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்குமேல் மூன்று நாலு வேளை. ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரையோடு சேர்ந்ததே. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை முதலியன தொண்டையிலே அடைத்துக்கொள்ளும், நசுக்காமல் கொடுக்காதீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடவேண்டும். மிச்சத்தை மாலைக்கென்று மூடி வைக்கலாகாது. எல்லாவற்றுக்கும் முன்னே, சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

கடையிலே விற்கிற டப்பா உணவு இல்லாவிட்டால் பிள்ளை வளராது என்று எண்ணிக் கடன்பட வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால்மாவையும் உணவையும் விளம்பரம் செய்வதை 1992-ல் ஏற்பட்டு 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்திருக்கிறது. காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. நமது பாட்டிமார் கைப்பக்குவத்திலே சுத்தமும் அறிவும் சேர்ந்தால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் குறைவில்லை.

ஆனால், பிரியமானவர்களே, இங்கே ஒரு துக்கமான சங்கதியையும் மறைக்காமல் பேசவேண்டும். திரித்த மாவு ஒன்றிரண்டு மாதத்திலே சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும். பிள்ளை இன்னும் வரவில்லை. அந்த டப்பாவைத் திறந்து குப்பையிலே கொட்டுகிற நாளிலே அவளுடைய மனம் எப்படியிருக்கும்? முதல் தரம் அழுவாள். இரண்டாம் தரம் முறுமுறுப்பாள். மூன்றாம் தரம், இனி இந்த வேலையே வேண்டாம் என்று திரிகையை மூலையிலே தள்ளுவாள். நம்பிக்கை என்ற புண்ணியம் சாகிறது பெரிய புயலினாலேயல்ல. இப்படி வண்டு விழுந்தே சாகிறது.

இதற்கு மருந்தென்ன? எலியாஸ் தீர்க்கதரிசியின் காலத்திலே சரேப்தா ஊர்க் கைம்பெண்ணிடத்திலே ஒரு பிடி மாவுதான் இருந்தது. அதைத் தனக்கென்று வைத்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அந்நியனுக்கு அடை சுட்டுக் கொடுத்தாள். பஞ்சம் தெளியும் மட்டும் அந்தப் பானையிலே மாவு குறையவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் தெருவிலேயே ஏழெட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு கூலிவேலைக்குப் போகிற தாய் இருப்பாள். மாவு புதிதாயிருக்கும்போதே அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வேளை நீங்களே மடியில் வைத்து ஊட்டுங்கள். துப்பினால் எப்படித் துடைப்பது, வாயை மூடிக்கொண்டால் எப்படிப் பொறுப்பது, போதுமென்று தலையைத் திருப்புவதை எப்படிக் கண்டுகொள்வது என்பதெல்லாம் புஸ்தகத்திலே வராது. மாவு கெட்டுப்போகும், பழகின கை கெட்டுப்போகாது. காத்திருந்த காலம் ஒரு பசித்த குழந்தைக்கு உதவினால், அதிலே ஒரு நாளும் வீணாகவில்லை.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. சூசையப்பர் உளி பிடித்த கையாலேயே பாலகனைத் தூக்கியிருப்பாரல்லவா? எஜிப்துக்குப் போகிற இராத்திரிப் பயணத்திலே தேவமாதாவுக்கு உதவ வேறு யார் இருந்தார்கள்? கஞ்சி காய்ச்சுவது பெண் வேலை என்று திண்ணையிலே உட்கார்ந்துகொள்ளாமல், நீங்களும் ஒரு வேளை கிளறிப் பழகுங்கள். பெறுகிற வேதனையிலே கூட்டுச் சேர முடியாத தகப்பன், ஊட்டுகிற பிரயாசையிலே சரிபாதியாகச் சேரலாம்.

மூன்றாவது

அடுப்படி ஆயத்தமாயிற்று. இருதயம் ஆயத்தமா?

நாம் மனதிலே வரைந்து வைத்திருக்கிற பிள்ளை வேறு. சர்வேசுரன் அனுப்புகிற பிள்ளை வேறு. கைக்குழந்தையை எதிர்பார்த்து மாவு திரித்து வைத்தவர்களுக்கு, பல் முளைத்து நடக்கிற இரண்டு வயதுப் பிள்ளை வரலாம். கறுப்பாயிருக்கலாம், மெலிந்திருக்கலாம், காதோ காலோ குறைப்பட்டிருக்கலாம். அப்போது, "நான் கேட்டது இதுவல்லவே" என்று மனம் பின்வாங்குமானால், நாம் தேடினது பிள்ளையையல்ல, நமது ஆசையைத்தான் என்று வெளியாகும். கன்னியாஸ்திரீயான அம்மாமாரோ ஆயாள்மாரோ வளர்த்த இல்லத்திலிருந்து பிள்ளை வரும்போது, அது என்ன சாப்பிட்டுப் பழகினது, எத்தனை மணிக்கு, தம்ளரிலா கரண்டியிலா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று வருஷமாகப் பழகின கேழ்வரகுக் கஞ்சியை அது முகர்ந்துகூடப் பார்க்காமல், அங்கே உண்ட ரவைக் கஞ்சிக்கே அழலாம். அன்றைக்கு ரவைக் கஞ்சியே காய்ச்சுங்கள். உங்கள் கைப்பக்குவத்தின் பெருமையைவிட அந்தப் பிள்ளையின் ஆறுதல் பெரிது. பழகின ருசியோடு சிறிது சிறிதாகப் புதிய ருசியைச் சேர்க்கலாம்.

பசியை அறிந்த பிள்ளைகள் சிலர் அவதி அவதியாக விழுங்குவார்கள். சிலர் இட்லித் துண்டைத் தலையணைக்கடியிலே ஒளித்து வைப்பார்கள். அதைத் திருட்டென்று அடிக்காதீர்கள். நாளைக்கும் சோறு உண்டு என்பதை அந்தச் சிறு உள்ளம் இன்னும் நம்பவில்லை. எட்டுகிற இடத்திலே ஒரு கிண்ணத்தில் வாழைப்பழம் வைத்துவிடுங்கள். நாள் செல்லச் செல்ல ஒளிப்பது நிற்கும். வந்த புதிதிலே, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வாயாக ஊட்ட விடாமல், தாயும் தகப்பனுமே மடியில் வைத்து, முகத்தைப் பார்த்துப் பேசி ஊட்டுவது நல்லது. யார் பசியாற்றுகிறார்களோ அவர்களையே பிள்ளை தன்னுடையவர்களாக அறிந்துகொள்ளும். நாமும் சர்வேசுரனை அப்படித்தானே அறிந்துகொண்டோம்!

இப்போது அந்த இரண்டாவது உண்மை. பெற்றவளைப்பற்றி இழிவாக ஒரு வார்த்தையும் வீட்டிலே பேசலாகாது. அவள் யாரென்று நமக்குத் தெரியாது. என்ன நிர்ப்பந்தத்திலே ஒப்படைத்தாள் என்றும் தெரியாது. சேலத்திலே 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினபோது, பெண் சிசுவைக் கொல்லாமல் தொட்டிலில் இட்டுப் போன தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் செய்ததை மோயீசனுடைய தாயும் செய்தாள்: பிழைக்கட்டும் என்று கையை விட்டாள். ஜெபமாலையிலே ஒரு அருள் நிறைந்த மந்திரத்தை அந்த அறியாத தாய்க்காக ஒதுக்கி வையுங்கள்.

பிள்ளையினிடத்திலும் உண்மையை மறைக்காதீர்கள். கலியாணப் பேச்சு நடக்கிற நாளிலே ஊரார் வாயிலிருந்து தெரிந்துகொண்டால், அது இடிவிழுந்ததுபோலாகும். சின்ன வயதிலேயே, மடியில் வைத்து ஊட்டுகிறபோதே கதையாகச் சொல்லலாம்: "நீ வருமுன்னமே உனக்காகக் கஞ்சி காய்ச்சப் பழகினோம்; உனக்காக மூன்று வருஷம் அடுப்பு மூட்டினோம்" என்று. தான் விரும்பப்பட்ட பிள்ளை என்று அறிய, இதைவிட நல்ல அத்தாட்சி வேறென்ன வேண்டும்?

திருச்சபையின் மனதும் தெளிவாயிருக்கிறது. சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் தத்தெடுத்தவர்களுடைய பிள்ளைகளாகவே எண்ணப்படுவார்கள் என்று 1983-ம் வருஷத் திருச்சபைச் சட்டம் 110-ம் பிரிவு கூறுகிறது. அந்த உறவு எவ்வளவு மெய்யானதென்றால், அதுவே விவாகத்துக்குத் தடையாகும் என்று 1094-ம் பிரிவு வகுத்திருக்கிறது. அண்ணன் தங்கை என்றால் அண்ணன் தங்கைதான். பிள்ளையில்லாத தம்பதிகள் தாராள மனதோடு இந்த வழியை மேற்கொள்ளும்படி பிரான்சிஸ் பாப்பரசர் 2016-ல் குடும்ப அன்பைப்பற்றி எழுதின திருமடலிலே ஊக்கப்படுத்தினார். அப்படியிருக்க, "எந்தச் சாதியோ, யார் இரத்தமோ" என்று பந்தியிலே முணுமுணுக்கிறவன், ஒரே அப்பத்தில் பங்குகொண்டு என்ன பிரயோசனம்?

ஆகையால் பங்காரே, உங்களுக்கும் கடமையுண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கின மூத்த தாய்மாரே, உங்கள் கைப்பக்குவத்தை அந்த இளம்பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். "உனக்கெதற்கு" என்று கேட்காதீர்கள். ஞானஸ்நான விருந்துக்கு அழைப்புக் கொடுக்கும்போது, மனம் நோகுமென்று சொல்லி அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். ‘மலடி’ என்ற சொல்லை உங்கள் நாவிலிருந்து எடுத்துப்போடுங்கள். மாமியார்மாரே, எலிசபெத்தம்மாள் ஊராரால் நிந்திக்கப்பட்ட வருஷங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வந்து சேருகிற அன்று, சொந்த மருமகளுக்குப் பிரசவமானால் எப்படிப் போவீர்களோ, அப்படியே வெந்நீர் வைக்கவும், துணி துவைக்கவும், ஒரு வாரம் குழம்பு கொண்டுவந்து கொடுக்கவும் போங்கள். அவளும் பெற்றவளே, பத்து மாதத்துக்குப் பதிலாக அநேக வருஷம் சுமந்தவள்.

இந்த வாரத்திலே நாலு பிரதிக்கினைகள் செய்வோம். காத்திருக்கிற தம்பதிகளுக்காகக் குடும்ப ஜெபமாலையிலே ஒரு பத்துமணி ஒப்புக்கொடுப்போம். நம் தெருவிலே பசித்திருக்கிற ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்போம். குழந்தையில்லாத வீட்டைப்பற்றி ஒரு வம்பு வார்த்தையும் பேசாதிருப்போம். கைவிடப்பட்ட பிள்ளையைக் கண்டால், நாமே எடுத்து மறைத்து வைக்காமல், 1098 என்ற எண்ணுக்குச் சொல்லிப் பாதுகாப்புத் தேடுவோம்.

பிள்ளைக்காக அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிற சகோதரியே, சகோதரனே! உங்கள் முறை எப்போது வரும் என்று நாம் சொல்லக்கூடியதில்லை. ஆனால், எங்கேயோ ஒரு பிள்ளை உங்களைப்போலவே காத்திருக்கக்கூடும். ஒருவேளை அது இன்னும் பிறவாமலும் இருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே பிதா பார்த்துக்கொண்டிருக்கிறார். சோர்ந்துபோகாதீர்கள்.

சேசுநாதருடைய கைத்தாதையாகிய அர்ச். சூசையப்பரே, பெறாத பிள்ளையை உமது பிரயாசையினால் போஷித்தவரே, பிள்ளைக்காகக் காத்திருக்கிற வீடுகளைக் கண்ணோக்கியருளும். அவர்கள் அடுப்பு அணையாமலும், அவர்கள் நம்பிக்கை வண்டு விழாமலும் காத்தருளும். தாயைத் தேடி அழுகிற பிள்ளைகளுக்கு மடியையும், மடியிருந்தும் பிள்ளையில்லாதவர்களுக்குப் பொறுமையையும், எங்கள் எல்லோருக்கும் அன்றன்றுள்ள அப்பத்தையும் உமது திருக்குமாரனிடத்திலே மன்றாடிப் பெற்றுத் தந்தருளும். ஆமென்.